சூடாகும் இடமும் காயும் இடமும்: உப்புத் தண்ணீரை வீட்டிலேயே சமாளிக்கும் வழி

சித்தூரிலும் திருப்பதியிலும் புதிதாகக் குடிவருபவர்கள் முதல் மாதத்திலேயே கவனிப்பது தண்ணீரைத்தான். எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. பருப்பு மூன்று விசிலுக்கும் மசியாது. புதுக் குழாயின் மூக்கில் வெள்ளைப் பொருக்கு கட்டும். அடுத்த ஆண்டு கீசர் சரசரவென்று சத்தம் போடும். மின் கட்டணம் ஏறும்.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது. தண்ணீர் சூடாகும் இடத்திலும் காயும் இடத்திலும்தான் கடின நீர் அதிகக் கெடுதல் செய்கிறது. கழிப்பறைக்கும் தரை துடைப்பதற்கும் அது தடையில்லை. ஆகவே வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் மாற்றப் பணம் கொட்ட வேண்டாம். அளந்து பாருங்கள், எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று பிரியுங்கள், தேவையான இடத்தில் மட்டும் மென்மையாக்குங்கள். வரிசை மாறக் கூடாது.

இங்கே தண்ணீர் ஏன் இப்படி?

திருமலை மலைத்தொடரின் மேற்பகுதி குவார்ட்சைட் பாறை. அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் மலையிலிருந்து இறங்கும் மழைநீர் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். அடிவாரச் சமவெளியிலும் சித்தூர்ப் பக்கத்திலும் நிலத்தடியில் இருப்பது கிரானைட்டும் நைஸ் பாறையும். போர் தண்ணீர் இந்தப் பாறைகளின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது.

திருப்பதி நகருக்குக் கல்யாணி அணையிலிருந்தும், தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. இவை மேற்பரப்பு நீர். அது வராத நாளில் அதே வீட்டில் போர் ஓடும். கோடையில் டேங்கரும் வரும். ஒரே தொட்டியில் மூன்று விதத் தண்ணீர் கலக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணை நம்பி நீங்கள் கருவி வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

படி 1: அளந்து பாருங்கள்

*செலவில்லாத சோப்புச் சோதனை*

1. ஒரே அளவுள்ள, மூடியுள்ள பாட்டில்கள் மூன்று எடுங்கள். ஒன்றில் கேன் தண்ணீர் அல்லது மழைநீர், இன்னொன்றில் நகராட்சித் தண்ணீர், மூன்றாவதில் போர் தண்ணீர் என்று தலா 200 மி.லி. ஊற்றுங்கள்.
2. குளியல் சோப்பைச் சீவி, 100 மி.லி. கேன் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கரையுங்கள். ஷாம்பூவோ துணி பவுடரோ வேண்டாம். அவை கடின நீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றும்.
3. சொட்டுக் குழாயால் ஒவ்வொரு பாட்டிலிலும் 5 சொட்டு விட்டு, மூடிப் பத்து விநாடி குலுக்குங்கள்.
4. நுரை ஒரு நிமிடம் நிற்கும்வரை ஐந்தைந்து சொட்டாகக் கூட்டுங்கள். மொத்தச் சொட்டுகளை எழுதி வையுங்கள்.

கேன் தண்ணீரில் உடனே நுரை எழும். கடின நீரில் முதலில் நுரைக்குப் பதிலாகத் தயிர்த் திப்பி போன்ற அழுக்கு மிதக்கும். அந்தத் திப்பிதான் உங்கள் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டுவது. எந்தத் தண்ணீருக்கு அதிகச் சொட்டு ஆகிறதோ அதுவே அதிகக் கடினம்.

*எண் தரும் சோதனை*

மேற்கண்ட சோதனை ஒப்பிட மட்டுமே உதவும். கருவி வாங்க எண் வேண்டும். மீன் தொட்டிப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் மொத்தக் கடினத்தன்மை அளக்கும் சோதனைப் பெட்டி கிடைக்கும். தண்ணீரில் சாயத்தைப் போட்டதும் ஒயின் சிவப்பு வரும். இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். சிவப்பு ஊதாவாகும், பிறகு ஒரே ஒரு சொட்டில் தெளிந்த நீலமாக மாறும். அந்தச் சொட்டோடு நிறுத்துங்கள். ஒரு சொட்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். பெருக்கினால் உங்கள் எண் வந்துவிடும்.

குடிக்கவும் போர் தண்ணீரே என்றால் ஆய்வகச் சோதனை கட்டாயம். ஊரகக் குடிநீர் வழங்கல் துறையின் ஆய்வகங்களை விசாரியுங்கள். மொத்தக் கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, டி.டி.எஸ்., கோலிஃபார்ம் கிருமி ஆகிய ஆறையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும்.

> குறிப்பு: மாதிரி எடுக்கும்முன் போரை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை அளந்தால்தான் உண்மையான வீச்சு தெரியும்.

படி 2: எண்ணைப் படியுங்கள்

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012). அதன்படி மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மி.கி. வரை அனுமதி உண்டு. வீட்டு வேலைக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

- 200-க்குள்: கருவி எதுவும் வேண்டாம். மாதாந்திரத் துப்புரவு போதும்.
- 200 முதல் 400 வரை: கீசர், வாஷிங் மெஷின் இரண்டையும் கவனித்தால் போதும்.
- 400-க்கு மேல்: சூடாகும் இடங்களுக்கு மென்மையாக்கிய நீர் கொடுப்பது லாபம்.
- 600-க்கு மேல்: குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் தேடுங்கள்.

கணக்கு எப்படி நிஜமாகிறது என்று பாருங்கள். லிட்டருக்கு 500 மி.கி. உள்ள தண்ணீரை ஒரு வீடு நாளுக்கு 1,000 லிட்டர் செலவழித்தால், அந்த வீட்டுக் குழாய்களின் வழியே தினமும் அரை கிலோ கடின உப்பு கடந்து போகிறது. சூடேறும் இடத்தில் அதில் ஒரு பங்கு கல்லாகத் தங்கிவிடுகிறது.

உடல்நலம் பற்றிய பயம் பலருக்கு உண்டு. கடினத்தன்மைக்கு மட்டும் என்று உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய சத்துகளே. ஃபுளோரைடு அப்படியல்ல. அது லிட்டருக்கு 1.5 மி.கி.-க்கு மேல் போனால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நாக்கில் ருசி தெரியாது. அதனால்தான் ஆய்வகச் சோதனையில் அதையும் சேர்க்கச் சொன்னேன்.

படி 3: தண்ணீரைப் பிரியுங்கள்

1. நகராட்சித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி வையுங்கள். மாடியில் 500 லிட்டர்த் தொட்டி ஒன்று கூடுதலாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது.
2. நகராட்சித் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் கீசருக்கும் குழாய் இழுங்கள்.
3. போர் தொட்டியிலிருந்து கழிப்பறை, தரை துடைத்தல், வாசல் தெளித்தல், வண்டி கழுவுதல்.
4. வால்வுகளில் பெயிண்டால் எழுதி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருபவர்களுக்கும் தெரிய வேண்டும்.

வாடகை வீடு என்றால் குழாய் மாற்ற முடியாது. அப்போது நல்ல தண்ணீர் வரும் வேளையில் இரண்டு டிரம்மில் பிடித்து, சமையலுக்கும் துணியின் கடைசி அலசலுக்கும் ஒதுக்குங்கள். டிரம்மை மூடியே வையுங்கள். டெங்கு கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும்.

படி 4: படிந்ததை நீக்குங்கள்

*கெட்டில், இட்லிப் பானை*

1. ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, மின் இணைப்பை எடுத்துவிடுங்கள்.
2. ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத் தூளை, மெல்லத் தூவுங்கள். பொங்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.
3. அரை மணி நேரம் விட்டுக் கொட்டி, நன்றாக அலசுங்கள்.
4. ஒரு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிய பிறகே பயன்படுத்துங்கள்.

அலுமினியப் பாத்திரத்தில் அமிலத்தை ஊறவிட வேண்டாம், பாத்திரம் அரிக்கும். இட்லிப் பானையின் அடித் தண்ணீரில் சிறு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் புளிப்பு, படிவு கட்டுவதைக் குறைக்கும். பழக்கத்தை விடாதீர்கள்.

*குழாயும் ஷவரும்*

குழாயின் நுனியில் இருக்கும் சல்லடையைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டுங்கள். கல் உப்பு அளவிலும் வடிவிலும் வெள்ளைத் துணுக்குகள் கொட்டும். சிலவற்றில் மண் நிறமும் ஏறியிருக்கும். தண்ணீர் மெலிந்து வருவதற்குப் பல வீடுகளில் காரணம் இந்தத் துணுக்குகளே. சல்லடையை வினிகரில் அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து மாட்டுங்கள். ஷவருக்கு வினிகர் ஊற்றிய பையை அதன் முகத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். அரை மணிக்கு மேல் விட்டால் பளபளப்பு மேல்பூச்சு மங்கும்.

*கீசர்*

1. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கீசருக்கான எம்.சி.பி.-யையும் இறக்குங்கள்.
2. தண்ணீர் முழுவதும் ஆறட்டும். உள்ளே வரும் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்யுங்கள்.
3. அடித்தட்டைத் திறந்து ஹீட்டர் கம்பியை எடுப்பது மெக்கானிக் வேலை. வருடத்துக்கு ஒரு முறை, கடினத்தன்மை 500-க்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழையுங்கள்.
4. அவர் வரும்போது மூன்றைக் கேளுங்கள்: கம்பியின் படிவு நீங்கியதா, ஆனோடு கம்பி எவ்வளவு மிச்சம், கேஸ்கட் மாற்றினாரா. தொட்டி துருப்பிடிக்காமல் காப்பது ஆனோடு கம்பிதான். அது கரைந்து தீர்ந்தால் அடுத்து கரைவது தொட்டி.
5. தண்ணீர் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் ஒழுக்கு வந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

> குறிப்பு: வெப்ப அளவை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் படிவு வேகமாகக் கட்டும்.

*சோலார் வாட்டர் ஹீட்டர்*

கண்ணாடிக் குழல் வகையில் படிவு குழலின் அடியில் சேரும். வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்த வெறும் குழலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அதனால் விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறும்முன் தண்ணீர் நிரப்பிவிட வேண்டும்.

படி 5: சமையலும் சலவையும்

- பருப்பு: கால்சியம், பருப்பின் தோலிலும் உள்ளேயும் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்குகிறது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து அதிலேயே வேகவையுங்கள். உப்பும் புளியும் வெந்த பிறகுதான். சோடா உப்பு போட்டால் குழையும். ஆனால் பி வைட்டமின் சத்து குறையும்.
- துணி: ஒரு வாளித் தண்ணீரில் முதலில் ஒரு கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், கால்சியம் பிரிந்து தண்ணீர் கலங்கும். பிறகு சோப்புத் தூள் போடுங்கள். கையுறை அணியுங்கள். பட்டு, கம்பளிக்கு இந்த முறை கூடாது.
- வாஷிங் மெஷின்: இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, துணியில்லாமல், சிட்ரிக் அமிலம் 100 கிராம் போட்டு வெந்நீர்ச் சுற்று ஓட்டுங்கள். இயந்திரத்தின் கையேடு இதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
- தலைமுடி: சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கடின நீரில் திப்பி கட்டுவதில்லை. கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும்.
- குளியலறை ஓடுகள்: குளித்ததும் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு. காயும்முன் வழித்துவிட்டால் கறைக்கு இடமில்லை.

படி 6: சாஃப்ட்னர் வாங்கும்முன்

சாஃப்ட்னர், ரெசின் மணிகளின் மூலம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவினால் மீண்டும் தயார். ஒரு லிட்டர் ரெசின், ஒரு சுற்றில் சுமார் 50 கிராம் கடின உப்பைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*உங்கள் கணக்கு*

1. நாளொன்றுக்குத் தேவையான மென்மையான நீர் × கடினத்தன்மை. 1,000 லிட்டர் × 500 மி.கி. = 500 கிராம்.
2. ரெசின் 25 லிட்டர் என்றால் 25 × 50 = 1,250 கிராம்.
3. 1,250 ÷ 500 = இரண்டரை நாள். இரண்டரை நாளுக்கு ஒரு முறை உப்புக் கழுவல்.
4. கழுவலுக்கு லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் உப்பு. ஒரு முறைக்கு ஏறக்குறைய 4 கிலோ.

மாதம் 45 கிலோவுக்கு மேல் உப்பு வாங்கித் தூக்கி ஊற்ற உங்களால் முடியுமா? முடியாது என்றால் குளியல், கீசர், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கு மட்டும் இணைப்புக் கொடுங்கள். 400 லிட்டர் போதுமானால் கழுவல் ஆறு நாளுக்கு ஒரு முறையாகிவிடும்.

*கழுவும் வரிசை*

1. தண்ணீரை எதிர்த் திசையில் பத்து நிமிடம் ஓடவிட்டு அழுக்கை வெளியேற்றுங்கள்.
2. அயோடின் இல்லாத சுத்தமான உப்பைக் கரைத்து மெதுவாக, அரை மணி நேரம் செலுத்துங்கள். மண் கலந்த உப்பு மணிகளை அடைக்கும்.
3. வெளிவரும் தண்ணீரில் உப்புக் கரிப்பு போகும்வரை அலசுங்கள்.
4. சோதனைப் பெட்டியால் அளந்து, எண் இறங்கியதை உறுதி செய்த பிறகு வால்வைத் திறங்கள்.

மென்மையாக்கிய நீரில் ஒவ்வொரு 100 மி.கி. கடினத்தன்மைக்கும் ஏறக்குறைய 46 மி.கி. சோடியம் ஏறும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குடிக்க வேண்டாம். செடிக்கும் ஊற்ற வேண்டாம். கழுவிய உப்புக் கழிவைத் தோட்டத்திலோ உறிஞ்சுகுழியிலோ விடக் கூடாது. அது திரும்ப உங்கள் போருக்கே வந்து சேரும்.

படி 7: மழையைப் பிடியுங்கள்

விலையில்லாத மென்மையான நீர் மழைநீர். இந்தப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போக 700 லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

1. மழைக்காலத்துக்கு முன் மாடியைக் கூட்டிக் கழுவுங்கள்.
2. ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள்.
3. வலை, மணல், கரி அடுக்கிய வடிகட்டி வழியாகத் தனித் தொட்டிக்கு விடுங்கள்.
4. நிரம்பி வழிவதை, ஜல்லியும் மணலும் இட்ட குழி வழியாக நிலத்துக்கு அனுப்புங்கள். வடிகட்டாமல் நேராகப் போருக்குள் விடாதீர்கள்.
5. குடிப்பதானால் கொதிக்கவைத்து ஆற்றுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- டி.டி.எஸ். மீட்டரை நம்புவது. அது கரைந்த உப்புகள் அனைத்தையும் சேர்த்துச் சொல்கிறது. கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. சாஃப்ட்னர் சரியாக வேலை செய்தாலும் டி.டி.எஸ். குறையாது.
- படிகாரமும் தேற்றாங்கொட்டையும் உப்பை எடுக்கும் என்று நினைப்பது. அவை கலங்கலைத் தெளியவைக்கும், உப்பை எடுக்காது.
- காந்தக் கருவி வாங்குவது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் சோதனைப் பெட்டியால் அளந்து பாருங்கள். கால்சியம் தண்ணீரிலேயே இருக்கும், எண் மாறாது.
- இரும்பைக் கவனிக்காமல் சாஃப்ட்னர் மாட்டுவது. செந்நீர் வரும் போரில் முதலில் இரும்பு வடிகட்டி வேண்டும். இல்லையேல் ரெசின் பாழாகும்.
- ஆர்.ஓ. கழிவு நீரைச் சாக்கடைக்கு விடுவது. கழிப்பறைக்கும் தரைக்கும் அதைப் பிடித்து வையுங்கள்.

பாதுகாப்பு: இந்த ஐந்தை மீறாதீர்கள்

1. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்காதீர்கள். குளியலறை ஆசிட் ஆனாலும் வினிகர் ஆனாலும் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து.
2. ஆசிட் கடைசி வழி. மார்பிளையும் ஓடுகளின் இடைப்பூச்சையும் அது தின்றுவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றுங்கள். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றாதீர்கள்.
3. ஹீட்டர் ராடை வாளியில் மின்சாரத்தோடு தொடாதீர்கள். படிவு கட்டிய கம்பி அதிகம் சூடேறி உறை வெடிக்கும்; மின்சாரம் தண்ணீரில் கசியும். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும்.
4. நிலத்தடித் தொட்டிக்குள் தனியாக இறங்காதீர்கள். மூடியை நெடுநேரம் திறந்து காற்றோட்டம் கொடுத்து, மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும்.
5. பெருமழைக்குப் பின் நிலத்தடித் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். 2021 நவம்பர் மழைக்குப் பின் திருப்பதியில், சுத்தம் செய்துகொண்டிருந்தபோதே ஒரு வீட்டின் சிமென்ட் உறைத் தொட்டி நிலத்தைப் பிளந்துகொண்டு மேலே எழுந்தது. நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலித் தொட்டியை அது கீழிருந்து தள்ளும். நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருங்கள்.

சுவரில் ஒட்ட ஒரு அட்டவணை

- தினமும்: குளியலறையைக் காயும்முன் வழித்தல்.
- மாதம் ஒரு முறை: குழாய்ச் சல்லடை, ஷவர், கெட்டில்.
- மூன்று மாதம்: வாஷிங் மெஷின்.
- ஆறு மாதம்: கடினத்தன்மை அளவு, 500-க்கு மேல் என்றால் கீசரும்.
- வருடம்: கீசர், சோலார், தொட்டிகள், ஆய்வகச் சோதனை, மழைநீர் வடிகட்டி மணல்.

உங்கள் வீட்டு எண் கிடைத்ததும் தெருவில் உள்ளவர்களிடமும் அளக்கச் சொல்லுங்கள். பத்து வீடுகள் ஒரே நாளில் அளந்து, போரின் ஆழத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தால், எந்தப் போர் குடிக்கத் தகுந்தது, எது தரை கழுவ மட்டும் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். நகராட்சியிடம் கூடுதல் தண்ணீர் கேட்டுப் போகும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும். வாய்ப் புகாரைவிட எண்ணுக்கு மதிப்பு அதிகம். சோதனைப் பெட்டியை இந்த வாரமே வாங்குங்கள். கருவி வாங்குவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.